நான் கழற்றி வைத்த எர்த் வயர்

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

நான் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குச் சென்றவன் அல்லன். மின் வேலையைக் கம்பெனிகளில் கண்ணால் பார்த்தும், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கில விதிநூல் ஒன்றை அகராதியின் துணையோடு ஒவ்வொரு சொல்லாகப் படித்தும் கற்றுக்கொண்டேன். திருப்பூரில் பனியன் துணி ஓட்டும் நிட்டிங் கம்பெனி ஒன்றில் பல ஆண்டுகள் வயர்மேனாக இருந்தேன். அங்கே நான் செய்த பிழை ஒன்றையும், அதனால் என் நண்பர் ஒருவருக்கு நேரவிருந்த தீங்கையும், அது நேராமற்போன விதத்தையும் எழுத விரும்புகிறேன்.

நிட்டிங் இயந்திரத்துக்குள் இரண்டு வகை மின்சாரம் ஓடுகிறது. மோட்டாரைச் சுழற்றுவது பெரிய மின்சாரம். அதைத் தொட்டவர் பிழைப்பது அரிது. அந்த மோட்டாரை ஓடு என்றும் நில் என்றும் ஏவுவது இருபத்துநான்கு வோல்ட் கொண்ட சிறிய மின்சாரம். அதை வெறும் விரலால் தொட்டாலும் உறைக்காது. பொத்தான்கள், கதவுச் சுவிட்சு, நூல் அறுந்தால் எரியும் சிவப்பு விளக்கு யாவும் இந்தச் சிறியதன் பொறுப்பில் உள்ளவை.

என் பிரியமெல்லாம் இந்தச் சிறிய மின்சாரத்தின் மீதுதான் இருந்தது. அதன் வயர்களைப் பெரியதன் வயர்களோடு ஒரே குழாயில் செலுத்தக் கூடாது. ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் ஒரே எண் இருக்க வேண்டும். அந்த எண்கள் அச்சிட்ட குட்டிக் குழல்களை என் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசைப்படி நூலில் கோத்துத் தருவாள். அவள் அதே கம்பெனியில் துணி செக்கிங் செய்பவள். ஓர் எண்கூட இடம் மாறியிராது. அவற்றை மாட்டி முடித்த பேனலின், அதாவது வயர்களெல்லாம் வந்து சேரும் பெட்டியின், கதவை மூட மனமில்லாமல் நான் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நிற்பது உண்டு.

இந்தச் சிறிய மின்சாரத்துக்கு இன்னொரு விதியும் உண்டு. அதைத் தரும் டிரான்ஸ்பார்மரின் இரண்டு முனைகளுள் ஒன்றை ஒரு துண்டு வயரால் எர்த்தோடு சேர்த்துவிட வேண்டும். அவ்வாறு சேர்த்திருந்தால், மின்சாரம் வரும் வயர் எங்கேனும் தேய்ந்து இயந்திரத்தின் இரும்பு உடலைத் தொட்ட மறுகணமே பியூஸ் போய்விடும், இயந்திரமும் நின்றுவிடும்.

எங்கள் ஊரிலோ வயர் தேய்வதற்குக் குறைவே இல்லை. பஞ்சுத் தூசி எல்லா இடுக்கிலும் புகும்; ஊசிகளுக்கு விடும் எண்ணெய் வழிந்து அந்தப் பஞ்சை நனைக்கும்; எண்ணெய்ப் பஞ்சில் ஊறிய வயரின் மேலுறை இளகி, அதிர்வில் தேய்ந்துபோகும். ஆகவே பியூஸ் அடிக்கடி போயிற்று. இயந்திரம் நின்ற இடத்தில் துணியின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழும். கோடு விழுந்த துணி, கழிவுச் சரக்கு மலிவாக விற்கும் காதர்பேட்டைக்குத்தான் போகும், ஏற்றுமதிக்கு ஆகாது.

இதற்கு எங்கள் பகுதி வயர்மேன்கள் ஒரு வழி கண்டிருந்தோம். அந்தத் துண்டு எர்த் வயரைக் கழற்றிவிடுவோம். கழற்றிவிட்டால், தேய்ந்த வயர் உடலைத் தொட்டாலும் பியூஸ் போகாது; இயந்திரம் தன் பாட்டுக்கு ஓடும். நானும் எங்கள் கம்பெனியின் பன்னிரண்டு இயந்திரங்களிலும் கழற்றினேன். முதலாளி அகமகிழ்ந்து, வருவோர் போவோரிடமெல்லாம், "நம்ம வயர்மேன் அண்ணன் கை வெச்சா பியூசே போகாதுங்க" என்று சொல்லத் தொடங்கினார். அதைக் கேட்பது எனக்கு இன்பமாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஏழாம் எண் இயந்திரத்தை ஓட்டியவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். ஏறத்தாழ என் வயதினர். மதியம் இருவரும் ஒன்றாக அமர்ந்துதான் உண்போம். அவர் என்னை அண்ணாச்சி என்பார். நானும் அவரை அண்ணாச்சிங்க என்பேன்.

"அண்ணாச்சின்னாலே மரியாததாம்வே. அதுக்கு எதுக்கு ஒரு வால ஒட்டுதீரு?" என்பார்.

"வால் இல்லாம எங்களுக்குப் பேச வராதுங்க" என்பேன்.

நான் செவ்வாய்க்கிழமையும் சஷ்டியும் விரதம் இருப்பவன். அவர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் செல்பவர்; தூக்குப் பாத்திரத்தில் பெரும்பாலும் மீன் குழம்பு இருக்கும். செவ்வாய்க்கிழமைகளில் நான் சற்று விலகி அமர்ந்தால், "உம்ம முருகன் எங்க கடக்கரையிலதாம்வே குடியிருக்காரு. மீன் வாசம் அவருக்குப் பழக்கந்தான், உமக்குத்தான் ஆவல" என்பார். அதன்பின் தாமே எழுந்து காற்று வீசும் திசைக்கு மறுபுறம் போய் அமர்ந்துகொள்வார்.

ஒரு திங்கட்கிழமை காலை அவருக்கு அது நேர்ந்தது. துணி ரோல் நிறைந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, கீழ்க்கதவைத் திறந்துகொண்டே, துணியை அறுக்கக் கையை உள்ளே நுழைத்திருக்கிறார். நின்றிருந்த இயந்திரம் ஒரு சாண் அளவு சுழன்று நகர்ந்தது. ரோலைத் தாங்கிச் சுழலும் இரும்புச் சட்டம் அவர் மணிக்கட்டில் இடித்துவிட்டது. எலும்பு முறியவில்லை, கை வீங்கிப்போயிற்று.

"தானா நகந்துச்சு. இதுக்கு முந்தியும் ஒண்ணு ரெண்டு வாட்டி நகந்துருக்கு. கை வெளிய இருந்ததால நான் பெருசா எடுக்கல" என்றார் அவர்.

ஒருவரும் நம்பவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. கதவு திறந்திருக்கையில் இயந்திரம் ஓடக்கூடாது என்பதற்காகக் கதவருகே ஒரு சுவிட்சு உண்டு. ஓட்டத்தை நிறுத்தாமலே உள்ளே படிந்த பஞ்சைத் துடைப்பதற்காக, அந்தச் சுவிட்சின் மீது பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டித் திணித்து அதை அமுங்கியபடியே வைத்துவிடுவது எங்கள் ஊரில் பலரிடமும் உள்ள வழக்கம். என் நண்பரும் முன்பு இருமுறை அவ்வாறு திணித்து அகப்பட்டவர். மூன்றாம் முறை என்றால் வேலை இல்லை என்று முதலாளி அப்போதே சொல்லியிருந்தார். இப்போதும் துணியைத் திணித்துவிட்டுக் கை பட்டுப் பொத்தானை அமுக்கியிருப்பார், அடிபட்டதும் துணியை உருவியிருப்பார் என்று எல்லோரும் எண்ணினார்கள்.

முதலாளி என்னை அழைத்து இயந்திரத்தைப் பார்க்கச் சொன்னார். கதவுச் சுவிட்சைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. பொத்தான்களைச் சோதித்தேன், அவையும் நன்றாக இருந்தன. என் எண் குழல்கள் வரிசை மாறாமல் இருந்ததைக் கண்டு மனநிறைவோடு பேனலை மூடினேன்.

"ஏனுங்கண்ணா, மிஷின்ல ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று முதலாளி கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் முடிவு எடுக்கப்பட்டது. முதலாளி என் நண்பரை அழைத்து, "கோவிச்சுக்காதீங்க. ரெண்டு வாட்டி சொல்லியாச்சுங்க. சனிக்கிழமையோட நின்னுக்குங்க" என்று தணிந்த குரலில் சொன்னார். நண்பரும் அவர் மனைவியும் கம்பெனியின் லைன் வீட்டில் குடியிருந்தார்கள். வேலை போனால் வீட்டையும் விட வேண்டும். அதைக் காட்டிலும், சுவிட்சில் துணி திணித்துக் கையில் அடிபட்டவர் என்ற பெயரோடு வெளியேறினால், அடுத்த கம்பெனியில் அவரை இயந்திரத்தின் அருகே விடமாட்டார்கள். நிட்டிங் தவிர வேறு வேலை அவர் அறியார்.

அன்று மாலை வாயிலருகே அவர் என்னை நிறுத்தினார்.

"நீருமா நம்பல?"

"பார்த்தேனுங்க. ஒண்ணும் இல்லீங்களே."

"பாத்தது மிஷினையா, உம்ம வயரையா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"ஒண்ணு இல்லவே. மிஷின்ல குத்தம் இருந்துச்சுன்னா சொல்லிருப்பீரு" என்றார். அதன்பின் மூன்று நாள் அவர் மதிய உணவுக்கு என்னிடம் வரவில்லை. நான் என் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உண்டேன். அவர் சொன்னது கோபத்தில் பிறந்த சொல் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலை மொபெட்டில் வீடு திரும்புகையில், பின்னால் அமர்ந்திருந்த என் மனைவி பேச்சைத் தொடங்கினாள். விளக்கு எரியும் கண்ணாடி மேசையின் மேல் துணியை ஓடவிட்டு, ஓட்டை, கோடு, கறை ஆகியவற்றைக் கண்டு குறிப்பது அவள் வேலை.

"ஏனுங்க, ஏழாம் நெம்பர்த் துணியில ரோல் முடியற எடத்துல ரெண்டு கோடு விழுகுதுங்க. நிறுத்தினா ஒண்ணுதானே விழுகோணும்?"

"அவரு கை பட்டு மறுபடி நகர்ந்திருக்கும்."

"அவரு ரோல்ல மட்டும்னா நானும் அப்படித்தான் நெனைப்பேனுங்க. மத்த ஷிப்டுக்காரரு ரோல்லயும் இருக்குதுங்களே. போன மாசம் உங்க அண்ணாச்சி ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தாருல்லங்க, அந்த வாரத்து ரோல்லயும் இருந்துச்சுங்க."

"இத இத்தன நாள் சொல்றதுக்கு என்ன?"

"கோடு இருக்குதா இல்லியான்னு பாக்கறதுதானுங்க என்ற வேல. ஏன் விழுந்துச்சுன்னு பாக்கறது உங்க வேல."

நான் மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"எதுக்கு நிறுத்தறீங்க? ரோட்டுலயும் ஒரு கோடு விழுகவா?" என்றாள்.

மறுநாள் காலை, ஷிப்டு மாறும் நேரத்தில், ஏழாம் எண்ணின் மற்றோர் ஆப்பரேட்டரைப் பிடித்தேன். அவர் பீகாரிலிருந்து வந்து ஓராண்டு ஆகியிருந்தது. தமிழ் ஓரளவு பேசுவார்; அண்ணன் என்பதற்கு மட்டும் தம் மொழியில் பையா என்பார். கதவைத் திறக்கும்போது இயந்திரம் நகர்வதுண்டா என்று கேட்டேன்.

"ஆமா பையா, நகரும்" என்றார், மழை பெய்யும் என்பதைப் போல. "கதவு புல்லா தொறந்தா கொஞ்சம் போகும். பாதி தொறந்தா போகாது. அது நின்னப்புறம்தான் நான் கை விடறது."

"ஏனுங்க யாருகிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல. எனக்கு முன்னாடியே மிஷின் இங்க இருக்குது. அதுக்குப் பழக்கம் அப்படின்னு நெனச்சேன்."

நான் சோதித்த அன்று கதவைப் பாதிதான் திறந்திருந்தேன். இப்போது முழுவதும் திறந்து பார்க்க முடிவுசெய்தேன். மின்சாரத்தை நிறுத்தி, மீட்டரின் ஒரு முனையை இயந்திரத்தின் உடலிலும் மறுமுனையைப் பொத்தானிலிருந்து வரும் வயரிலும் வைத்துக்கொண்டு, உடன் வந்திருந்த மனைவியைக் கதவை ஆட்டச் சொன்னேன். கதவு கடைசி நான்கு விரற்கடை திறக்கையில் மீட்டர் ஒலித்தது. மூடினால் ஒலி நின்றது.

பழுது இரண்டு இடங்களில் இருந்தது. ஆப்பரேட்டர்களின் வசதிக்காக, ஒருமுறை அமுக்கினால் இயந்திரத்தை ஒரு சாண் மட்டும் மெல்ல நகர்த்தும் பொத்தானை நானே அந்தக் கதவின் மேல் பொருத்தியிருந்தேன். அதன் வயர் கீலின் அருகே மடிந்து மடிந்து உறை கிழிந்து, கதவு முழுவதும் திறக்கும்போது மட்டும் இரும்பைத் தொட்டது. இது ஒன்று மட்டும் இருந்தால் எதுவும் நகராது. ஆனால் இயந்திரத்தின் காலுக்குள், எண்ணெய்ப் பஞ்சில் ஊறிய இன்னொரு வயர், மின்சாரத்தைக் கொண்டுவரும் வயர், எப்போதிருந்தோ உடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் தொட்டபோது, பொத்தான் செய்ய வேண்டிய வேலையை இரும்பு உடலே செய்துவிட்டது. ஒருவர் விரலும் படாமல் பொத்தான் அமுங்கியது போலாயிற்று. கதவுச் சுவிட்சு சரியாகத்தான் இருந்தது. மின்சாரம் அந்த வழியாகப் போகவே இல்லை.

நான் கழற்றிய துண்டு வயர் தன் இடத்தில் இருந்திருந்தால், காலுக்குள் இருந்த வயர் முதன்முதலில் தொட்ட அன்றே பியூஸ் போயிருக்கும். தேடிப் பிடித்து அதைச் சரிசெய்திருப்பேன்.

கருவிப் பெட்டியிலிருந்து என் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். விதிநூலிலிருந்து என் தமிழில் எழுதிவைத்தவை அதில் இருந்தன. சிறு மின்சாரத்தின் ஒரு முனையை எர்த்தோடு பிணைக்க வேண்டும், இல்லையேல் இரு பழுதுகள் ஒன்றுசேர்ந்து இயந்திரத்தைத் தானே ஓட்டிவிடும் என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன். அதன் ஓரத்தில், வேறு மையில், "நம் ஊர்ப் பஞ்சுக்கு ஒத்துவராது" என்றும் எழுதியிருந்தேன். என் மனைவி அதை என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். பிறகு தன் மேசைக்குச் சென்றுவிட்டாள்.

முதலாளியின் அறைக்குச் சென்றேன்.

"துணி திணிச்சதால இல்லீங்க. நான் எர்த் வயரக் கழட்டினதால நடந்ததுங்க" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தறியிலிருந்து வந்து நிட்டிங் தொடங்கியவர். இயந்திரம் என்றால் அவருக்கு விளங்கும்.

"எத்தன மிஷின்லங்கண்ணா?"

"பன்னெண்டுலயுமுங்க."

"உங்ககிட்ட நான் ஒரே ஒரு வார்த்த கேட்டேனுங்க. நீங்க சொன்னத வெச்சுத்தானுங்க அவர நின்னுக்கச் சொன்னேன்."

"ஆமாங்க. அவருகிட்ட நானே சொல்லிர்றேனுங்க."

"நீங்க சொல்லுங்க. ஆனா நானும் சொல்லோணுமுங்க. நான் இன்னொரு ஷிப்டுக்காரரையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார்.

அன்று காலையே பன்னிரண்டு இயந்திரங்களையும் நிறுத்தி எர்த் வயரை மீண்டும் மாட்டினேன். மின்சாரம் கொடுத்ததும் ஐந்தில் உடனுக்குடன் பியூஸ் போயிற்று. வாயடைத்துக் கிடந்த பழுதுகள் அத்தனையும் ஒரே காலையில் வெளிவந்தன. முதலாளி அவ்வழியே வந்து, "நல்லவேளைங்கண்ணா, உங்களப் பத்தி நான் சொன்ன ஆளுக யாரும் இன்னைக்கு இங்க இல்லீங்க" என்றார். ஏழாம் எண்ணைத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். காலுக்குள் இருந்த வயரை மாற்றினேன். பொத்தானைக் கதவிலிருந்து பெயர்த்து, அசையாத சட்டத்தில் வைத்தேன்.

மதியத்துக்குச் சற்று முன் அந்த இயந்திரத்தின் வேலை முடிந்தது. அது வெள்ளிக்கிழமை, என் நண்பருக்கு இன்னும் ஒரு நாள் மீதம் இருந்தது. ஏழாம் எண்ணின் அருகே, ஆப்பரேட்டர்களும் செக்கிங் பெண்களும் கேட்க, நடந்ததைச் சொன்னேன். "தப்பு என் மேலதானுங்க, அண்ணாச்சிங்க. பார்க்காமயே பார்த்தேன்னு சொல்லிட்டேனுங்க" என்றேன். முதலாளியும் தம் பங்குக்கு, "நான் அவசரப்பட்டுட்டேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க எங்கயும் போக வேண்டாம்" என்றார்.

நண்பர் கட்டுப் போட்டிருந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, நம்பிக்கையும் இல்லை.

"இருக்கது இருக்கட்டும், மொதலாளி. உள்ள கைய விடப்போறது நாமல்லா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வாரும்வே. கழத்துனது நீரு, மாட்டுனதும் நீரு. மொதல்ல உம்ம கைய வையும்" என்றார்.

மின்சாரம் வந்துகொண்டிருந்தது. நான் மண்டியிட்டு, அவருக்கு அடிபட்ட அதே இடத்தில், இரும்புச் சட்டத்தின் பக்கத்தில் என் கையை வைத்தேன். அவர் கதவைச் சுவரில் இடிக்கும் அளவுக்கு முழுவதும் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஒவ்வொரு முறையும் கையை வெளியே எடுத்துவிடலாமா என்று தோன்றியது. விதி தெரிந்தவனுக்கே அப்படி இருந்தது. அவர் இவ்வளவு காலம் அந்த விதியின் பெயரையும் அறியாமல், நான் செய்திருப்பேன் என்ற ஒரே நம்பிக்கையில் அல்லவா அங்கே கையை விட்டுக்கொண்டிருந்தார்? சட்டம் அசையவில்லை.

"இன்னும் எத்தன வாட்டிங்க?" என்று கேட்டேன்.

"என் வீக்கம் வத்துத வரைக்கும்" என்றார். செக்கிங் பெண்கள் சிரித்தார்கள். என் மனைவி எல்லோருக்கும் முன்னதாகச் சிரித்துவிட்டாள்.

பத்துப் பன்னிரண்டு முறைக்குப் பின் அவர் குனிந்து, என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். கத்தியை எடுத்துக்கொண்டு கதவை முழுவதும் திறந்து, தம் கையை உள்ளே விட்டு, நிறைந்திருந்த ரோலை அறுத்து எடுத்தார். அதை என் மனைவியிடம் கொடுத்து, "எத்தன கோடுன்னு பாத்துச் சொல்லும்மா" என்றார். அவள் மேசையில் ஓடவிட்டுப் பார்த்து, "ஒண்ணுதானுங்க" என்றாள். அவர் புதிய ரோலுக்குத் துணியைச் சுற்றிவிட்டுக் கதவைச் சாத்தி, இயந்திரத்தை ஓடவிட்டார்.

நடந்தது இவ்வளவே. என் கண்பார்வை குறைந்துவருவதால், சொல்ல வேண்டியவற்றை இப்போதே எழுதிவிட்டேன். எங்கள் ஊரில் இன்னும் பல பேனல்களில் அந்தத் துண்டு வயர் கழற்றியபடியே இருக்கக்கூடும். ஆகையால் இந்த எழுத்தைத் தாங்கள் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்திருந்து, பேனலைத் திறக்கும் வயர்மேன் எவருக்கேனும் காட்ட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.